தூண் வீடு தப்பியது, சம்ப்தான் மூழ்கியது

சென்னையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் மனை பார்க்கும் நண்பர் ஒருவர், "உங்க தூண் வீட்டை நம்பிக் கட்டலாமா?" என்று கேட்டார். போன வாரம்தான் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வேலை முடிந்தது, அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே வரும்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாம் மூழ்கிய பிறகு கட்டிய வீடு இது. கீழே வெறும் தூண்கள், குடியிருப்பு மேலே. செலவு கையைக் கடிக்காமல் இருக்க, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் டிராப் (எலிப்பொறி) முறையில் சுவர். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது, செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப், அதாவது கான்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஓடு பதித்த தளம். மே மாத மதியத்திலும் ஃபேனே போதும் எங்களுக்கு, இதை யார் கேட்டாலும் புகழ்ந்துதான் சொல்வேன். 2023 மிக்ஜாம் புயலில் கீழே இடுப்பளவு தண்ணீர் நின்றது, மேலே ஒரு பாய்கூட நனையவில்லை.

ஆனால் குடிக்க, குளிக்க? வீட்டை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிய இன்ஜினியர் சம்ப் மூடியைத் தரையோடு தரையாக வைத்துவிட்டார், அதுவும் செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே. வெள்ளம் ஏறியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கரன்ட்டை நிறுத்திவிட்டதால் மோட்டாரும் ஓடாது, மாடித் தொட்டியில் இருந்ததை அளந்து அளந்து செலவழித்தோம். வடிந்த பிறகு சம்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தும் நாற்றம் போக வாரக்கணக்கானது. தூணுக்கு அத்தனை கம்பி போட்டவருக்கு சம்ப் வாயைச் சுற்றி நாலடிச் சுவர் எழுப்பத் தோன்றவில்லையே என்று இன்னும் ஆத்திரம் வருகிறது. இப்போது வாயை உயர்த்தி, ரப்பர் வைத்து இறுகப் பூட்டும் மூடி போட்டு, மோட்டாரையும் ஈபி மீட்டரையும் மேலே ஏற்றியாகிவிட்டது. கட்டும்போதே செய்திருந்தால் செலவு சொற்பம்.

சரி, அவரைத் திட்டினாலும் வீட்டைக் குறை சொல்ல மாட்டேன், தூண் அசையவில்லை, சுவரில் ஒரு விரிசல் இல்லை. கட்டியே தீருவேன் என்றால் இதே மாதிரி கட்டுங்கள், சம்பை மட்டும் பிளானிலேயே உயர்த்திக் கேளுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் அங்கே மனையே வாங்க வேண்டாம். வீடு காய்ந்துதான் இருந்தது, அம்மாவின் பிரஷர் மாத்திரைக்குப் படகு வரக் காத்திருந்தோம்.