துணியா, பேம்பர்ஸா, சலவைக்குப் போடுவதா?

பிள்ளை பிறந்த வீட்டுக்கு இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது. பழைய வேட்டியைக் கிழித்து முக்கோணமாகக் கட்டலாம். பட்டன் வைத்த துணி டயப்பர் வாங்கலாம். பேம்பர்ஸ் போட்டுக் கழற்றி எறியலாம். நான்காவதாக, அழுக்குத் துணியை வீட்டுக்கே வந்து வாங்கிப்போய்த் துவைத்துத் தரும் சேவை வெளிநாடுகளில் இருக்கிறது. கோயமுத்தூரில் அது எடுபடுமா என்ற கேள்வியும் அவ்வப்போது வருகிறது.

துணி டயப்பர் விற்பவர்கள் பணம் மிச்சம், குப்பை மிச்சம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எந்தத் தண்ணீரில், யார் துவைப்பது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. நம் பக்கத்தில் அதுதான் முதல் கேள்வி.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேம்பர்ஸ் ஒன்று பத்து ரூபாய், நாளைக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 1,500. இரண்டு வருடத்தில் 36,000. துணி டயப்பர் ஒன்று 400 ரூபாய் என்று இருபது வாங்கினாலும் 8,000-தான், அடுத்த பிள்ளைக்கும் ஆகும். வேட்டித் துணிக்குச் செலவே இல்லை. திருப்பூரில் பனியன் துணி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இன்டர்லாக் துணியில் இரண்டு கிலோ வாங்கிச் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துவிட்டால், கடையில் கவர் போட்டு விற்கும் ‘நாப்பி’யைவிட மெத்தென்று இருக்கும். பணத்தை மட்டும் பார்த்தால் பேம்பர்ஸ் பக்கம் யாருமே போக மாட்டார்கள். ஆனாலும் போகிறார்கள், காரணம் துவைப்பு.

சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் துவைப்பதும், பல்லடம், காங்கயம் பக்கம் போர்த் தண்ணீரில் துவைப்பதும் ஒன்றல்ல. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோய்த் துணி இழையில் படியும். வெயிலில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதைப் பிள்ளைக்குக் கட்டினால் தொடை சிவக்காமல் என்ன செய்யும்? பழி மட்டும் துணியின்மேல் விழும். இதற்குக் கட்டி சோப்பைவிடப் பவுடர் தேவலை. கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் போட வேண்டும். வாசனைக்கென்று ஊற்றுகிற கம்ஃபோர்ட் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் பூச்சாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும். பிள்ளைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இதே வேலையைச் செய்கின்றன. சந்தேகமாக இருந்தால் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்தாக உருண்டு நின்றால், எண்ணெயோ சோப்போ பிடித்திருக்கிறது. புதுப் பருத்தித் துணியிலும் அப்படித்தான் நிற்கும். நாலைந்து தடவை துவைத்த பிறகே நன்றாக உறிஞ்சும்.

பட்டன் டயப்பரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இயற்கை’ என்று அட்டையில் இலைப் படம் போட்டிருந்தாலும், வெளியே இருக்கும் கவர் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியில் பாலியூரிதேன் ஒட்டியது. ஈரத்தைத் தடுப்பதே அந்தப் படலம்தான். அதைக் கொதிநீரில் போட்டாலும் இஸ்திரி போட்டாலும் போச்சு. சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டுப் பக்கம் பகல் முழுக்க அதை மாட்டிவைத்தால், பேம்பர்ஸில் வருகிற வேர்க்குரு இதிலும் வரும். காற்றோட்டத்தில் பழைய வேட்டித் துணியை அடிக்க ஆளில்லை. ஆனால் நனைந்த அடுத்த நொடி தொட்டிலும் சேர்ந்து நனையும், பெரியவர்களின் மடியும்தான்.

இரவுக்குப் பேம்பர்ஸ்தான், இதில் வாதமே இல்லை. உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாகப் பிடித்துக்கொள்கிறது, பிள்ளை தூங்குகிறது, பச்சை உடம்புக்காரியும் தூங்குகிறாள். கொள்கைக்காக அவள் தூக்கத்தைக் கெடுக்கச் சொல்பவர்கள் ஒரு வாரம் இரவில் எழுந்து துணி மாற்றிவிட்டு வந்து பேசட்டும்.

ஆனால் காலையில் அந்த ஜெல் மூட்டை எங்கே போகிறது? திடக்கழிவு விதிகள் அதைப் பத்திரமாகச் சுற்றித் தனியே கொடுக்கச் சொல்கின்றன. சுற்றிக் கொடுக்க உறை தர வேண்டிய பொறுப்பை 2016-ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளருக்கு வைத்தன. மாநகராட்சி வண்டி வருகிற தெருவில் சரி, அதுவும் குப்பைக்கிடங்கில்தான் முடிகிறது. தோட்டத்து வீடுகளில் தென்னை மட்டையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். பிளாஸ்டிக் புகை வீட்டுக்குள்ளேயே வரும், ஈர ஜெல் பாதி வேகாமல் கிடக்கும். வாய்க்காலில் வீசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கரிமக் கணக்குக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயது வரை ஒரு பிள்ளைக்குத் தூக்கி எறிவதால் வரும் கரியமில வாயு சுமார் 550 கிலோ, துவைப்பதால் வருவது சுமார் 570 கிலோ. அதாவது சராசரியாகப் பார்த்தால் துணி ஜெயிக்கவே இல்லை. மெஷினை நிறைத்துப் போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால்தான் சுமார் 200 கிலோ குறைகிறது. 2023-ல் வந்த புதிய ஆய்வு துணிக்கே கரிமம் 25 சதவீதம் குறைவு என்றது. அங்கே மின்சார டிரையர்தான் வில்லன். நமக்கு மொட்டை மாடியும் கொடிக்கயிறும் இருக்கின்றன. ஐப்பசி மழையிலும், பொள்ளாச்சி ஆடிச் சாரலிலும்தான் சிக்கல். அப்போது பட்டன் டயப்பருக்குள் வைக்கும் தடித்த உள்துணி ஒரு நாளில் காயாது, ஒற்றை மடிப்பாக விரியும் மெல்லிய சதுரத் துணி காய்ந்துவிடும்.

சலவைச் சேவைக்கு வருவோம். இதன் பெரிய பலம் சூடு. இங்கிலாந்தில் மருத்துவமனைத் துணிகளுக்கு 71 டிகிரியில் குறைந்தது மூன்று நிமிடம் என்று அளவு வைத்திருக்கிறார்கள், வீட்டு வாளியில் அது நடக்காது. அதற்கு வேண்டிய பாய்லரும், துணியைச் சுழற்றிப் பிழியும் ஹைட்ரோவும், டிரையரும் திருப்பூர், ஈரோட்டில் பழகிய சங்கதி. ஆனால் வண்டிச் செலவு கட்டுப்படியாக வேண்டும். சரவணம்பட்டி, பீளமேடு அடுக்கு மாடிகளில் ஒரே வளாகத்தில் பத்து வீடு சேர்ந்தால் ஓடும், கோபி, சத்தி தோட்டத்து வீடுகளுக்கு ஓடாது.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுத் துணியை வெளுக்கும் வேலையை ஒரே சாதிப் பெண்களின் தலையில் கட்டி, அறுவடைக்கு ஒருமுறை வள்ளத்தில் தானியம் அளந்து கொடுத்த ஊர்கள்தான் நம்முடையவை. புதுச் சேவையிலும் கையால் அலசுகிற வேலை அதே வீட்டுப் பெண்களிடம் குறைந்த கூலிக்குப் போகுமானால், அதைவிட வீட்டு ஆண் இரண்டு வாளி அலசிப் போடுவது மேல். பிள்ளை சோறு தின்னத் தொடங்கும்வரை அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

விளம்பரம் செய்கிறவர்கள் ‘புதுப் பெற்றோர்’ என்று தம்பதியின் போனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். தலைப் பிரசவம் தாய்வீட்டில், திரும்புவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. அதுவரை எதைக் கட்டுவது என்று முடிவெடுப்பது அம்மிச்சி, அதாவது பெண்ணைப் பெற்றவர். அவரிடம் துணியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை, அவருக்கு அதிலேயே பழக்கம். பெண் கோவை ஃப்ளாட்டுக்குத் திரும்பி, துவைக்க ஆளில்லாமல் நிற்கும் அந்த மாதத்தில்தான் பேம்பர்ஸ் உள்ளே வருகிறது. சேவைக்காரர்கள் கதவைத் தட்ட வேண்டிய நேரம் அதுதான்.

என் தேர்வு: வீட்டில் பகலெல்லாம் மெல்லிய பருத்திச் சதுரம், வெளியே கிளம்பும்போது பட்டன் டயப்பர், ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் பேம்பர்ஸ். சேவை கிடைத்தால் மழை மாதங்களுக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாம். எடுக்கும் முன், என் பிள்ளையின் துணி எனக்கே திரும்ப வருமா, எத்தனை டிகிரியில் துவைக்கிறீர்கள், அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நொய்யல் கெட்டு, 2011-ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர்ப் பக்கம் இது. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.