டெக்ஸா, மின்தராசு, இடுக்கிமானி: வன்னியில் எதில் கைபழகுவது?

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்த மாணவி ஒருத்தி, விளையாட்டு வீரர்களின் உடலமைப்பை அளந்து ஆராய்வதையே தொழிலாக்க விரும்புகிறாள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். அனுமதி வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. "எந்தக் கருவியில் தொடங்கலாம், சேர்?" என்று என்னிடம் கேட்டாள்.

மூன்று கருவிகளில் டெக்ஸா என்ற எக்ஸ் கதிர்க் கருவியின் பெருமையை மறுக்க முடியாது. இருவேறு சக்தி கொண்ட எக்ஸ் கதிர்களை உடலூடாக அனுப்பி என்பு, கொழுப்பு, மற்றைய இழையங்கள் என்று பிரித்துக் காட்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் விரும்பி நாடுவது அதைத்தான். ஆனால் அது மைதானத்துக்கு வராது. வீரர்தான் போய்ப் படுக்கவேண்டும். முல்லைத்தீவின் கரப்பந்தாட்ட அணியொன்றைப் பஸ் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பருவத்துக்கு மூன்று தடவை அளப்பது நடக்கிற காரியமா? வன்னிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. எறிகணைத் துண்டுகளை உடம்பில் சுமந்தபடி மாற்றுத்திறனாளிகள் போட்டிகளுக்கு வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். துண்டு கிடக்கும் பகுதியின் கணக்கை அந்த உலோகம் குழப்பிவிடும்.

மின்தராசு மலிவு. வெறுங்காலுடன் ஏறினால் அரை நிமிடத்தில் கொழுப்பு வீதம் வந்துவிடும். முதலில் நானும் அதைத்தான் வாங்கினேன். வலைப்பந்தாட்டச் சிறுமி ஒருத்தி காலையிலும் மாலையிலும் ஏறிப் பார்த்துவிட்டு, "சேர், பத்து மணித்தியாலத்தில் எனக்குக் கொழுப்பு வைத்துவிட்டதா?" என்று சிரித்தாள். உண்மையில் பாதங்களினூடாக மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி அது அளப்பது உடம்பின் மின்தடையை மட்டுமே. கொழுப்பு என்பது சூத்திரத்தின் ஊகம். உடம்பில் நீர் குறைந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். வியர்வையும் சூடேறிய தோலும் கணக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். சித்திரை வெயிலில் பயிற்சி முடித்து வருகிற பிள்ளையை அதில் ஏற்றிப் பயனில்லை. ஒரு காலை இழந்தவர் ஏறினாலோ மின்சுற்றே பூர்த்தியாகாது. இப்போது நிறை பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

மிஞ்சுவது தோல்மடிப்பு இடுக்கிமானி. பாடசாலையில் பழகிய வேணியர் இடுக்கிமானியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவே பேனாவால் குறியிடவேண்டும். தசையை விட்டுவிட்டுத் தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் மட்டும் இடதுகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்கவேண்டும். ஒரு சென்ரிமீற்றர் தள்ளி இடுக்கியை வைத்து, இரண்டு வினாடி கழித்து வாசிக்கவேண்டும். இப்படி வலப்பக்கத்தில் எட்டு இடங்கள். ஒரு சுற்று முடிந்த பிறகே இரண்டாம் சுற்று. இல்லாவிட்டால் முந்திய எண் மனதில் நின்று கையை ஏமாற்றும். ஈரத்தோல் வழுக்கும், அதனால் பயிற்சிக்கு முன்பே அளந்துவிடவேண்டும்.

எட்டு மடிப்புகளையும் கூட்டி மில்லிமீற்றரிலேயே விட்டுவிடுவது என் வழக்கம். தோல்மடிப்பைக் கொழுப்பு வீதமாக மாற்றுகிற பெயர்பெற்ற சூத்திரமொன்று 1974இல் டேர்ணினும் வொமேர்ஸ்லியும் ஸ்கொட்லாந்தில் 481 பேரை அளந்து எழுதியது. துணுக்காய் ஓட்டக்காரனுக்கு அது எப்படிச் சரியாகப் பொருந்தும்? அவனுடைய தை மாத எண்ணையும் ஆனி மாத எண்ணையும் ஒப்பிட்டாலே பயிற்றுநருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நாடாவும் என்பு அகலம் பார்க்கும் கருவியும் சேர்ந்தால், பத்தே அளவுகளில் ஹீத்-காட்டர் முறைப்படி உடல்வகையையும், அதாவது ஒருவர் எவ்வளவு கொழுத்தவர், தசைப்பிடிப்பானவர், ஒல்லியானவர் என்பதையும், கணிக்கலாம். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில், அந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான லின்ட்சே காட்டரின் குழு வீரர்களை அளந்ததும் கைக்கருவிகளால்தான்.

குறை இல்லாமலில்லை. ஒரே கையை இருவர் அளந்தால் இரண்டு விடை வரும். தொட்டு அளக்கிற வேலை என்பதால் பெண்பிள்ளைகளை ஆண் ஒருவர் அளப்பதற்குப் பெற்றோர் இலகுவில் சம்மதிக்கமாட்டார்கள்; அது நியாயமும்தான். ஆனால் இந்த இடத்தில் அந்த மாணவிக்கு என்னைவிட வாய்ப்பு அதிகம். 1986இல் தொடங்கிய ஐசாக் என்ற சர்வதேச உடலளவியல் அமைப்பின் முதலாம் நிலைச் சான்றிதழுக்குப் பயிற்சிநெறி முடிந்தபின் 20 பேரை அளந்து காட்டவேண்டும். சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

சம்பளத்தைப் பற்றி மறைக்கக்கூடாது. 'உடலளவியலாளர்' என்ற பதவிக்கு வன்னியில் விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. உடற்கல்வி ஆசிரியராகவோ பயிற்றுநராகவோ இருந்துகொண்டுதான் இதைச் செய்யவேண்டியிருக்கும். அவளிடம் அதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு என் பழைய இடுக்கிமானியை வாங்கிப்போனாள். முதல் ஆளாகத் தம்பியை உட்காரவைத்தாளாம். கூச்சம் தாங்காமல் அவன் மூன்றாம் மடிப்பிலேயே எழுந்து ஓடிவிட்டான்.