கார்பெட் ஒட்டும் முன் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்: சேலத்தில் சப்வூஃபர் பெட்டி செய்து ஏமாந்த கதை

ஏற்காட்டிலிருந்து மிளகும் காபிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு இறங்கி ஏறும் சிறிய பிக்கப் வண்டி என்னுடையது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தனியாகக் கடக்கும்போது பாட்டுதான் எனக்குத் துணை. இருக்கைக்குப் பின்னால் உள்ள குறுகிய இடத்துக்கு அளவெடுத்து ஒரு சப்வூஃபர் (ஆழமான, கனத்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டி செய்துகொள்ள விரும்பி, சேலம் நகரிலுள்ள ஒரு கடையில் 4,500 ரூபாய்க்குப் பேசி, 3,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தேன். மர இழைகளை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, காற்றுப் புகாத மூடிய பெட்டி, உள்ளே 25 லிட்டர் கொள்ளளவு என்பதே பேச்சு. என்னிடமிருந்த 10 அங்குலத் தட்டை சப்வூஃபருக்கு அதன் கையேடு கேட்ட அளவு அதுதான்.

பெட்டி வந்தபோது கறுப்புக் கார்பெட் ஒட்டி, பார்க்க அழகாகவே இருந்தது. ஸ்பீக்கர் துளையின் விளிம்பைத் தொட்டுக் காட்டி, "எம்.டி.எஃப். தான், பாருங்கண்ணா" என்றார்கள். நானும் பார்த்து நம்பினேன். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒலி சரியில்லை. ஆழமான பேஸ் எழவேயில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று இடித்தது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான் ஸ்பீக்கர் கூம்புக்கு வில்போல் வேலை செய்கிறது. இடம் குறைந்தால் அந்த வில் இறுகிவிடும், கீழ்ச்சுருதி அடங்கிவிடும்.

சந்தேகப்பட்டு அளந்து பார்த்தேன். வெளி அளவு 60 × 36 × 13 செ.மீ.; பெருக்கினால் 28 லிட்டர். கடைக்காரர் காட்டிய கணக்கும் இதுதான்; 28-இல் ஸ்பீக்கரின் உடல் பிடிக்கும் இடத்தைக் கழித்தாலும் 25 லிட்டர் தாராளமாக மிஞ்சும் என்றார். பலகையின் கனத்தை அவர் கழிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கமும் 1.8 செ.மீ. போனால் உள்ளே இருப்பது 56.4 × 32.4 × 9.4, அதாவது ஏறக்குறைய 17 லிட்டர். அதிலும் ஸ்பீக்கருக்கான இடம் இன்னும் கழிய வேண்டும். இதையே தொழிலாகச் செய்பவருக்கு இந்தக் கழித்தல் தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மழைக்காலம் வந்ததும் மற்றொன்றும் வெளிப்பட்டது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வண்டி நிற்பதால் பெட்டியின் அடிப்பக்கம் உப்பி, திருகுகள் பிடிப்பிழந்து, மூலையிலிருந்து காற்று சீறியது. கார்பெட்டை உரித்தபோது, முன்பலகை ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் மரத்துகளை அழுத்திச் செய்த மலிவான பார்ட்டிகிள் போர்டு. துளையின் விளிம்பை மட்டும் எனக்குக் காட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் செய்த வயரிங்கைப் பொறுக்க முடியாது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வந்த தடித்த வயர், இரும்புத் தகட்டின் துளை வழியே ரப்பர் வளையம்கூட இல்லாமல் நுழைந்திருந்தது. அதன் மேலுறை உராய்ந்து பாதி தேய்ந்துவிட்டது. பேட்டரியருகே பியூஸும் இல்லை. ஆம்ப்ளிஃபையரிலேயே பியூஸ் இருக்கிறது என்று கடையில் வாதிட்டார்கள். அந்தப் பியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காக்கும், வழியிலுள்ள வயரைக் காக்காது. வயர் வண்டியின் உடலைத் தொட்டால் பேட்டரியின் மின்சாரம் முழுவதும் அதில் பாய்ந்து தீப்பிடிக்கும். அதற்காகத்தான் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு பியூஸ் வைக்கிறார்கள். மலைப்பாதையில், நான் சாய்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னால் அப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.

ரசீதில் 'ஸ்பீக்கர் பெட்டி' என்று மட்டுமே எழுதியிருந்ததால், பலகையைப் பற்றிய பேச்சுக்கு என்னிடம் எழுத்தில் ஆதாரம் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். உரித்த பலகைகளையும் தேய்ந்த வயரையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுப் பெட்டியை எங்கள் ஊர்த் தச்சர் பிளைவுட்டில் செய்துகொண்டிருக்கிறார். உள்ளளவை நானே எழுதிக் கொடுத்தேன். மூட்டுகளைப் பசையிட்டு அடைத்தபின், கார்பெட் ஒட்டாமல் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.