பழைய எஸ்எம்பிஎஸ்ஸா, புதுசா? காசிமேட்டு உப்புக் காற்றில் போட்ட கணக்கு

போன ஐப்பசி மழையில் ஒரு வாரம், காலையில் முதல் தடவை பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழவே இல்லை. இரண்டாவது, சில நாள் மூன்றாவது தடவை அழுத்தினால்தான் விசிறி சுற்றும். கல்யாண ஆல்பம் செய்கிற மெஷின் அது. ஒரு ராத்திரி எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து, தானாகத் திரும்ப எழுந்தது. மல்டிமீட்டரை எடுத்து, வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். வேலை ஏறும்போது 11.3 வோல்ட். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே ஏறவும் கூடாது. சந்தேகமே இல்லை, எஸ்எம்பிஎஸ்தான்.

2015இல் வாங்கிய 550 வாட். 5 வருட வாரன்ட்டி முடிந்து, அதே அளவு காலம் கூடுதலாக உழைத்திருந்தது. அதையே சர்வீஸ் செய்து ஓட்டலாம், சென்னை ரிட்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் போடலாம், இல்லை 10 வருட வாரன்ட்டியோடு புதிது வாங்கலாம். நான் புதிதுதான் வாங்கினேன்.

சாதாவைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று லேபிளில் தேடி, 12ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த லைனில் நிஜமாக எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில்லிங் மெஷினுக்கு அது போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். என் வேலைக்கு ஆகாது.

சர்வீஸா, புதிதா என்பதில்தான் நான் பத்து நாள் தடுமாறினேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி திறந்து காட்டினார். "அண்ணா, மண்டை உப்பிப்போச்சு பாருங்க." மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் குட்டி டப்பா மாதிரியான கெப்பாசிட்டர்களில் நான்கின் தட்டையாக இருக்க வேண்டிய தலை, பூரி மாதிரி மேலே எழும்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிவு. கசிகிற கெப்பாசிட்டரிலிருந்து மீன் வாடை மாதிரி ஒன்று வரும். துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டில் அதை எப்படித் தனியாகப் பிரித்து அறிவது? எனக்குத் தெரியவே இல்லை. ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வீட்டில் திறக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்விக்கு விடை இந்தக் கெப்பாசிட்டரில்தான் இருக்கிறது. அதன் ஆயுளை வருடத்தில் குறிப்பதில்லை, இத்தனை டிகிரியில் இத்தனை மணி நேரம் என்றுதான் குறிப்பார்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்ட மலிவு ரகத்தை எடுத்துக்கொள்வோம். 55 டிகிரியில் ஓடினால் 16,000 மணி நேரம் வரும். தினம் 10 மணி நேரம் ஓட்டுகிற எனக்கு அது நான்கரை வருடம்கூட இல்லை. அதே 2,000 மணி நேரம் 105 டிகிரியில் என்று போட்டிருந்தால் 64,000 மணி நேரம், அதாவது 17 வருடத்துக்கு மேல். உள்ளே 65 டிகிரி ஆகிவிட்டால் இரண்டுமே பாதி. இது தாளில் போட்ட கணக்குதான். ஓடும் மின்னோட்டமும் தன் பங்குக்குச் சூடேற்றுவதால் நிஜத்தில் குறையும். அடியில் இருக்கிற ரப்பர் அடைப்பும் வயதாகிக் கெட்டுவிடும் என்பதால், 15 வருடத்துக்கு மேல் கணக்குப் போட வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்களே பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு ரகத்துக்கும் நடுவில் இருக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் எங்கேயும் போகாது.

இதற்கு மேல் நம் பக்கத்து உப்பு. ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே காற்றைத்தான் விசிறி உள்ளே இழுக்கிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தூசியோடு சேர்ந்து போர்டில் படிந்தால், மழைக்காலத்தில் அந்தப் படிவே மின்சாரம் கசிகிற பாதையாகிவிடும். என் பழையதில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருந்தன. கெப்பாசிட்டரை மாற்றலாம், விசிறியை மாற்றலாம். பத்து வருட உப்பு குடித்த போர்டை என்ன செய்வது? என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான்.

புதியதற்கு ஏழாயிரத்துச் சில்லறை ஆனது. வாரன்ட்டி காலத்தோடு வகுத்தால் மாதம் அறுபது ரூபாய்க்குப் பக்கம். வாட்டை விட வாரன்ட்டியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கோர்சேர் ஆர்எம்எக்ஸ் வரிசைக்கு 10 ஆண்டு, சீசானிக் பிரைமுக்கு 12 ஆண்டு தருகிறார்கள். மட்டமான கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு யாரும் இத்தனை வருடம் பொறுப்பு ஏற்க முடியாது. லோடு குறைவாக இருந்தால் விசிறியே சுற்றாத வகை என்னுடையது. கடலோரத்துக்கு அது நல்லது என்று நினைக்கிறேன், தூசி குறைவாகப் போகும். ஆனால் ஒரு கோடைதான் பார்த்திருக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன். துரு பிடித்தால் வாரன்ட்டி கிடையாது என்று பல கம்பெனிகள் எழுதியிருப்பார்கள், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயர் அடித்துவிடுகிறேன். பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், தெர்மல் தாளில் எழுத்து வெளுத்துவிடும். பழையதன் மாடுலர் கேபிளை, அதாவது கழற்றி மாட்டுகிற கேபிளை, புதியதில் செருகவே செருகாதீர்கள். ஓட்டை பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கலாம், ஹார்டு டிஸ்க்கே போய்விடலாம்.

இன்னொன்று. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, எஸ்எம்பிஎஸ் போச்சு என்று இங்கே பல பேர் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அது வீட்டில் எர்த் இல்லாததால் வருவது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழையதை நான் தூக்கிப் போடவில்லை. எழுநூறு ரூபாய்க்கு நான்கு கெப்பாசிட்டரும் விசிறியும் மாற்றி, மகள் பாடம் படிக்கிற மெஷினில் போட்டிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, தினம் ஒரு மணி நேரம்தான் ஓடும். எட்டு மாதமாகத் தொந்தரவில்லை. அதை வைத்து சர்வீஸ் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது சரியாகாது. சித்திரை வெயில் தொடங்குவதற்கு முன் தம்பியிடம் கொண்டுபோய் இன்னொரு தடவை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.