சிக்கிமுக்கித் துப்பாக்கிக்குக் காணொளிப் பயிற்சியா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

"நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் மூன்று குண்டு" என்று விளம்பரம் செய்யும் காணொளிப் பயிற்சிக்கு 149 டாலர் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் கட்டிப் பார்த்துவிட்டேன். பணம் போனதைக்கூட மன்னித்துவிடலாம். அதில் சொல்லித்தரும் இரண்டு பழக்கங்கள் கையையும் முகத்தையும் பதம் பார்க்கக் கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். இங்கே 1974 முதல் தனி மான் வேட்டைப் பருவம் ஒன்று இருக்கிறது; இப்போது அது கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கப்பட்ட பருவம் அது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய்ப்பசையுள்ள துணித்துண்டில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் கெட்டித்துச் சுட வேண்டும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் கணக்கில் விட்டுவிடுவதால், பல மாநிலங்களில் தபாலிலேயே வாங்கலாம். துப்பாக்கி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்க ஆள்தான் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விளம்பரத்தில் அழகான சிக்கிமுக்கித் துப்பாக்கியைக் காட்டுகிறார்கள். முதல் இரண்டு பாடங்களில் வரலாறு, மரத்தின் வகை, பித்தளை வேலைப்பாடு என்று ஓடுகிறது. மூன்றாவது பாடத்தில் பயிற்சியாளரின் கையில் இருப்பது தொலைநோக்கி பொருத்திய நவீன வகை. அதுவும் வாய் வழியாகக் கெட்டிப்பதுதான் என்றாலும் உள்ளே எல்லாமே வேறு. அதன் குழலின் உட்சுவரில், குண்டைச் சுழலவைக்கும் வரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டியிருக்கிறது, நீண்ட தோட்டாவுக்காக. உருண்டைக் குண்டுக்கான என் குழலில் 66 அங்குலத்துக்குத்தான் ஒரு சுற்று. அவர் போடும் மருந்தோ கருமருந்தே இல்லை. வலுவான நவீன பிரைமர் (அடித்தால் தீப்பொறி கக்கும் சிறு மூடி) இருந்தால்தான் பற்றும் மாற்று வெடிமருந்து. கல்லின் பொறியை நம்பி அதைப் போட்டால் மான் சிரிக்கும். "மருந்தைக் கூட்டக் கூட்டக் குறி கூடும்" என்பது அவர் வேதம். என் துப்பாக்கி 75 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறிய அலகு) மருந்தில் நெருக்கமாகச் சுடுகிறது. 90-ஐத் தாண்டினால் குண்டுகள் சிதறுகின்றன.

இனி, அந்த இரண்டு ஆபத்துகள். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டச் சொல்கிறார். முந்தைய வெடியின் கங்கு ஒன்று உள்ளே கிடந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும். தனி அளவைக் குப்பியில் அளந்து, குடுவையை மூடித் தள்ளி வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அடுத்தது, கோலை உள்ளே எறிந்து அது துள்ளி எழும்வரை இடிக்கச் சொல்வது. ஈயம் மெத்தென்றது, இடித்தால் குண்டின் முகம் சப்பையாகும், குறியும் போகும். அதைவிட மோசம், கரிக்கசடு படிந்த குழலில் குண்டு பாதி வழியில் சிக்கி நிற்கும்போதும் கோல் துள்ளக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். குண்டு சரியாக அமரும்போது கோலில் குழலின் வாயளவில் ஒரு கோடு கீறிவைத்தால் போதும். முழுப் பயிற்சியிலும் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூடவே 39 டாலருக்கு 'விசேஷத் துணித்துண்டு' என்று ஒரு பொட்டலத்தையும் தலையில் கட்டினார்கள். சுட்டபின் புல்லில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் உருகி, கறுப்பு மணி மணியாக இறுகியிருந்தது. பாலியஸ்டர்! உருகியது குழலின் வரிகளில் ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புதுத் துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள்: பருத்தி சாம்பலாகும், செயற்கை இழை உருண்டு திரளும். நல்ல பருத்தித் துண்டு சுட்டபிறகும் கிழியாமல், நடுவில் கறுப்பு வட்டத்தோடு முழுசாகக் கிடக்கும். வரிகளின் இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் குழலின் விளிம்பு கூர். கருகி ஓட்டையானால் துணி மெலிது அல்லது பசை போதவில்லை. எங்கள் சுடுதளத்துப் பெரியவர் ஒருவர் என் இலக்குத் தாளைத் திரும்பியும் பார்க்காமல், சுட்ட துண்டுகளைப் பொறுக்கிவரச் சொல்லி இதையெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்.

சிக்கிமுக்கித் துப்பாக்கியில் குறி தவறுவதற்கு முக்கியக் காரணமே வேறு. விசையை இழுத்ததும் கண்ணருகே நெருப்பு பொங்கும். உடல் தானாகச் சுளிக்கும். குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கும். வெடித்து முடியும்வரை குறியை விடாமல் பிடிக்கப் பழகுவதுதான் பாதி வித்தை. நவீனத் துப்பாக்கியோடு பாடம் நடத்துகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு?

இலக்குத் தாள் மோசடியையும் சொல்லிவிடுகிறேன். 'பயிற்சிக்கு முன்', 'பயிற்சிக்குப் பின்' என்று இரண்டு படங்கள் போடுகிறார்கள். இரண்டிலும் வலது மேல்மூலையில் ஸ்டேப்லர் ஊசி இழுத்த கிழிசல் ஒரே மாதிரி இருக்கிறது. சுட்டுவிட்டு இலக்குவரை நடந்துபோய்க் காட்டும் காட்சி ஒன்றுகூட வெட்டாமல் இல்லை. இப்போது வேறொரு பெயரில், 99 டாலருக்கு, அதே கிழிசல் படத்தோடு விளம்பரம் வருகிறது.

"30 நாளில் முழுப் பணமும் திரும்ப" என்ற வாக்குறுதிக்கு ஒரு வால் உண்டு: எல்லாப் பாடங்களையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். பாடங்களோ வாரத்துக்கு ஒன்றாகத்தான் திறக்கின்றன. கடைசிப் பாடம் திறக்கும்போது 30 நாள் தாண்டியிருக்கும். கேட்டு எழுதினால், "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது.

கடன் அட்டையில் கட்டியவர்கள் அவர்களோடு மல்லுக்கட்டிக் காலத்தைப் போக்காதீர்கள். இந்நாட்டுச் சட்டப்படி, அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். விளம்பரத்தில் காட்டிய துப்பாக்கியையும் பாடத்தில் வந்த துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். பயிற்சிக் கட்டணம் திரும்பி வந்தது. துணித்துண்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டதால் அந்த 39 டாலர் வரவில்லை.