முப்பதுகளின் அமெரிக்காவை மூலச் சான்றுகளோடு கற்பித்தல்: லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையத் தொகுப்புகள் பற்றி ஒரு வரலாற்று ஆசிரியரின் மதிப்புரை

பொருளாதாரப் பெருமந்தத்தை நம் பாடநூல்கள் சில பத்திகளில் கடந்துவிடுகின்றன. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது, வங்கிகள் மூடப்பட்டன, 1933 அளவில் உழைப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நியூ டீல் என்ற மீட்புத் திட்டங்களைக் கொண்டுவந்தார் என்ற வரிசையை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். ஆனால் இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியவந்தன என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் வரலாறு கற்பிக்கும் நான், இந்தக் குறையைப் போக்க வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையத் தொகுப்புகளைச் சில ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்திவருகிறேன். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. 1930களைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் இடத்தை நான் இதுவரை கண்டதில்லை. அதற்குக் காரணம் அங்கே குவிந்துள்ள ஆவணங்களின் எண்ணிக்கை அன்று; ஒவ்வோர் ஆவணத்துக்கும் பக்கத்தில் இருந்தவற்றையும் அது நமக்குக் காட்டுகிறது என்பதுதான்.

எடுத்துக்காட்டாக, எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறும் ஒரு புகைப்படத்தைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாமில், 1936இன் தொடக்கத்தில் டொரோதியா லாங்கே எடுத்த படம் அது. கன்னத்தில் கைவைத்துத் தொலைவை வெறிக்கும் ஒரு தாய். அவள் தோள்களில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். மடியில் ஒரு கைக்குழந்தை. வேளாண் குடும்பங்களின் மறுவாழ்வுக்காக ரூஸ்வெல்ட் அரசு அமைத்த துறை ஒன்றின் புகைப்படப் பிரிவுக்காக லாங்கே அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். அந்தப் பிரிவின் தலைவர் ராய் ஸ்டிரைக்கர். 1935 முதல் 1944 வரை சேர்ந்த ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் 1,600 வண்ணப் படங்களும் இன்று இந்த நூலகத்தில் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் பதிவிறக்கி அச்சிடலாம்.

அந்தத் தாயின் படத்தை மட்டும் காட்டினால் மாணவர்கள் 'வறுமை', 'சோகம்' என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். நூலகத்தின் பட்டியலிலோ அதே வேளையில் எடுக்கப்பட்ட மற்றப் படங்களும் உள்ளன. தள்ளி நின்று எடுத்த படத்தில் கிழிந்த கூடாரம் முழுதாகத் தெரிகிறது. பதின்ம வயது மகள் ஒருத்தியும் அதில் இருக்கிறாள். லாங்கே படம் படமாக அருகே வருகிறார். கூடாரம் மறைகிறது, மூத்த மகள் மறைகிறாள், இறுதியில் தாயும் சிறு பிள்ளைகளும் மட்டும் எஞ்சுகிறார்கள். இந்தப் படங்களை வரிசை குலைத்துக் கொடுத்து, எது முதலில் எடுக்கப்பட்டிருக்கும் என்று கேட்டால் போதும். வகுப்பில் ஒரு மணி நேரம் போவது தெரியாது. நெகட்டிவின் வலக் கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் பின்னர் திருத்தி அழிக்கப்பட்டதை நூலகமே குறிப்பிட்டு, திருத்துவதற்கு முந்தைய அச்சுப்படியையும் தருகிறது. விரலைத் தேடிக் கண்டுபிடித்த மாணவி ஒருத்தி, "அப்படியானால் இதைச் சான்றாக ஏற்கலாமா, ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

படத்திலிருக்கும் தாயின் பெயரை லாங்கே கேட்டுக்கொள்ளவில்லை. படத்தின் குறிப்பில் ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு என்பது மட்டுமே இருக்கிறது. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் 1970களின் இறுதியில்தான் வெளியே தெரிந்தன. உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே 1960இல் நினைவுகூர்ந்து எழுதியதை அக்குடும்பத்தினர் மறுத்தார்கள். புகைப்படம், அதன் குறிப்பு, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவு, படத்தில் இருப்பவரின் மறுப்பு என நான்கு வகைச் சான்றுகள் ஒரே நிகழ்வைப் பற்றிக் கிடைப்பதும், அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் ஆசிரியருக்கு எளிதில் வாய்க்காத செல்வம்.

இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த வசதி என்று நான் கருதுவது, ஒரு படத்துக்கு அடுத்தடுத்த எண்களில் உள்ள படங்களைப் பார்க்க உதவும் இணைப்பு. தேடுபெட்டியில் ஒரு சொல்லை இட்டால் புகழ்பெற்ற படங்களே முன்னால் வந்து நிற்கும். பக்கத்துப் படங்களுக்குள் நுழைந்தால்தான் தலைப்பே இல்லாத படங்கள் கண்ணில் படும். அவற்றுட் பலவற்றின் நடுவே கரிய வட்டம் ஒன்று இருக்கும். வேண்டாம் என்று ஸ்டிரைக்கர் ஒதுக்கிய நெகட்டிவ்களில் போடப்பட்ட ஓட்டைதான் அது. நாட்டின் துயரை நாட்டுக்குக் காட்ட முனைந்த அலுவலகம் எதைக் காட்ட வேண்டாமென்று முடிவு செய்தது என்பதை அந்த ஓட்டைகள் சொல்கின்றன. அதே பிரிவின் புகைப்படக்காரர் ஆர்தர் ரோத்ஸ்டீன் 1936இல் தெற்கு டகோட்டாவில் எடுத்த மாட்டு மண்டையோட்டுப் படங்களையும் இதனோடு சேர்த்துக் காட்டலாம். ஒரே மண்டையோட்டைச் சற்று நகர்த்தி வெவ்வேறு பின்னணியில் அவர் படமெடுத்ததை எதிர்க்கட்சிச் சார்புப் பத்திரிகைகள் அந்தத் தேர்தல் ஆண்டில் மோசடி என்று சாடின. வறட்சி உண்மை, மண்டையோடும் உண்மை. அப்படியானால் எது பொய் என்று மாணவர்களையே வாதிடவிட வேண்டும்.

எழுத்துச் சான்றுகளில், அடிமை வாழ்விலிருந்து விடுபட்ட முதியவர்களிடம் 1936 முதல் 1938 வரை, வேலையில்லா எழுத்தாளர்களுக்கு அரசு வேலை தந்த எழுத்தாளர் திட்டத்தினர் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் வகுப்பில் கொடுக்கக் கூடாது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சொன்னவர்கள் இனப் பாகுபாட்டின் பிடியில் இருந்த தென் மாநிலங்களில் வறுமையில் வாழ்ந்தவர்கள். தென் கரோலினாத் தொகுதியில் சார்ல்ஸ்டன் நகரத்து மூதாட்டி ஒருவரின் நேர்காணல்கள் இருக்கின்றன. வெள்ளை இனப் பெண் ஒருவர் எழுதியதில் அவர் பெயர் சூசன் ஹாம்லின். அதில் எசமானர் நல்லவராக வருகிறார். வந்தவர் நிவாரண அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்று மூதாட்டி எண்ணியிருந்ததும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. கறுப்பினத்தவர் ஒருவர் எழுதியதில் பெயர் சூசன் ஹாமில்டன். அதில் சவுக்கடியும், பிள்ளைகளைப் பிரித்து விற்றதும் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தபோது என் வகுப்பில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. கறுப்பின மக்களின் பேச்சு இப்படித்தான் ஒலிக்கும் என்று எழுதியவர்கள் கருதிய ஓசைக்கேற்ப நேர்காணல்களை எழுத்துக்கூட்டியிருப்பதால் நம் மாணவர்களுக்குப் படிக்கக் கடினம். இரண்டு பக்கங்களுக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதியை நான் வைத்திருக்கிறேன்.

சார்லஸ் டாடும் ராபர்ட் சான்கினும் 1940, 1941ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் புலம்பெயர்ந்தோர் முகாம்களில் பதிவு செய்த ஒலித்தொகுப்பும் இங்கே உண்டு. புழுதிப் புயலாலும் கடனாலும் ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதிகளை விட்டு வந்த குடும்பங்கள் பாடிய பாடல்களும், முகாம்களில் நடந்த கூட்டங்களும், முகாமினரே வெளியிட்ட செய்தித்தாள்களும் அதில் அடக்கம். ஒலியை விட அந்தச் செய்தித்தாள்களே என் மாணவர்களுக்குப் பயன்பட்டன. உச்சரிப்பு புரியாத இடத்தில் அவர்கள் பாடலை வெறும் இசையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கென நூலகம் தரும் துணைக்கருவிகளில், காண்பது, சிந்திப்பது, கேள்வி எழுப்புவது என்ற மூன்று கட்டங்கள் கொண்ட பகுப்பாய்வுத் தாள் மிக எளியது, மிக நல்லது. தமிழ்வழி வகுப்புகளுக்கு அதை ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். புகைப்படங்களுக்கு ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படாததால் அங்கே தொடங்குவது பொருத்தம். தலைப்புவாரியாகத் தேர்ந்தெடுத்துக் கட்டிய சான்றுத் தொகுதிகள் நேரமில்லாத ஆசிரியருக்கு உதவும். எனினும் அவற்றில் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. தேடுவதும் ஒதுக்குவதும் மாணவரின் வேலையாக இருக்க வேண்டும் என்று கருதுவோர் மூலத் தொகுப்புக்கே செல்வது நல்லது. பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வசதியும் உள்ளது. 1933 மார்ச் முதல் வாரத்து வாஷிங்டன் ஈவினிங் ஸ்டார் இதழ்களை எடுத்தால் புதிய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பும், வங்கிகளைத் தற்காலிகமாக மூடிய 'வங்கி விடுமுறை'யும் அடுத்தடுத்த நாள் செய்திகளாக வருகின்றன. ரூஸ்வெல்ட்டின் சொந்தத் தாள்களைத் தேடுவோர் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கிலுள்ள அவருடைய நூலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு. திரையில் காட்டச் சிறிய கோப்பே போதும். அச்சிடுவதற்கு மட்டும் பெரிய, உயர்தர டிஃப் (TIFF) படக் கோப்பை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் நூலகப் பட்டியலில் அதற்குள்ள அழைப்பெண்ணை எழுதிக் கொடுத்தால், மாணவர்கள் வீட்டில் அதை வைத்து அடுத்த படங்களைத் தாமே தேடிப் போகிறார்கள். இதுவரை நிப்போமோத் தாயோடு பாடத்தைத் தொடங்கினேன். புகழ்பெற்ற படத்தை முதலில் பார்த்தவர்கள் மற்றவற்றிலும் அதே முகத்தைத் தேடுவதைக் கவனித்த பிறகு, வரும் ஆண்டில் ஓட்டையிடப்பட்ட, தலைப்பில்லாத பத்துப் படங்களோடு தொடங்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.