பேச வைக்கும் விளையாட்டுகள்: நான்கு பெட்டிகளை விளையாடிப் பார்த்தபின்

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு விளையாட்டுப் பெட்டிதான் வாங்கப் போகிறீர்கள், வீட்டில் நாலு பேராவது இருக்கிறார்கள் என்றால் வேவ்லென்த் வாங்குங்கள். இரண்டே பேர் என்றால் வீ ஆர் நாட் ரியலி ஸ்ட்ரேஞ்சர்ஸ். பேசவே கூச்சப்படும் ஆள் ஒருவராவது கூட்டத்தில் இருந்தால் டிக்ஸிட். காசே செலவழிக்கக்கூடாது என்றாலும் வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதெல்லாம் எதற்கு வாங்கினேன் என்றால், எங்கள் வீட்டுப் பேச்சு "எப்ப வருவ", "சார்ஜர் எங்க", "கதவைப் பூட்டியாச்சா" என்பதைத் தாண்டி வெகுநாளாகப் போகவே இல்லை. சண்டையும் கிடையாது, கோபமும் கிடையாது. ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் யாரும் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். நேரடியாக உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு சொல்லு" என்றால் யார் சொல்லுவார்கள்? கேள்வியை நான் கேட்காமல் ஒரு கார்டு கேட்டால் சொல்வார்களோ என்று தோன்றியது. ஓரளவு அது சரிதான். ஆனால் எல்லா விளையாட்டிலும் இல்லை.

வேவ்லென்த்தில் தொடங்குகிறேன். 2019-ல் வந்தது. அரைவட்டமாக ஒரு பிளாஸ்டிக் சக்கரம், அதில் ஒரு முள், மூடித் திறக்க ஒரு திரை. கார்டில் எதிரெதிரான இரண்டு சொற்கள் இருக்கும், சூடு ஒரு பக்கம், குளிர் மறு பக்கம் என்பது போல. ஒருவர் மட்டும் திரையைத் திறந்து இலக்கு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார். அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரே ஒரு குறிப்பு சொல்வார். அவருடைய அணிக்காரர்கள் தங்களுக்குள் விவாதித்து முள்ளைத் திருப்ப வேண்டும். முள் இலக்கின் நடுவில் விழுந்தால் 4 புள்ளி, பக்கத்தில் 3, இன்னும் தள்ளி 2. எதிரணியும் சும்மா இருக்காது, உண்மையான இடம் முள்ளுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லி 1 புள்ளி எடுக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, குறிப்பு சொன்னவர் அதற்குப் பிறகு வாயையே திறக்கக்கூடாது என்பது. முகத்திலும் எதையும் காட்டக்கூடாது. அவர் எப்படி யோசிப்பார் என்று மற்றவர்கள் அவர் எதிரிலேயே பேசிக்கொண்டிருப்பதை அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நம்மைப் பற்றி நம் வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் கேட்க வேறு வாய்ப்பு கிடைப்பது கஷ்டம்.

பெட்டியில் வரும் கார்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் எங்களுக்கு வேண்டியதை நாங்களே தமிழில் எழுதிக்கொண்டோம். அப்படி எழுதிய ஒன்றில் இடப்பக்கம் "மன்னித்துவிடலாம்", வலப்பக்கம் "மன்னிக்கவே முடியாது". அக்கா முறை. திரையைத் திறந்து பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், "வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கிறது" என்றாள். நானும் அம்மாவும் அவள் அணி. இதெல்லாம் ஒரு விஷயமா, எல்லோரும் செய்வதுதானே என்று நான் முள்ளை நன்றாக இடப்பக்கம் தள்ளினேன். அம்மா நடுவுக்குக் கொண்டுவந்தாள். அக்கா பேசவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணியில் அத்தான் இடம் என்றார், தம்பியும் இடம் என்றான். அப்பா மட்டும், "வலதுபக்கம். நல்லா வலதுபக்கம் இருக்கும்" என்றார். அவர் பிடிவாதமாக இருந்ததால் அதையே சொன்னார்கள்.

திரையைத் திறந்தால் இலக்கு கிட்டத்தட்ட வலது ஓரத்தில் இருந்தது.

அக்கா பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் இறுதிச் சுற்று வரைக்கும் போனபோது அப்பா வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. பத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்கு அது நினைவில்கூட இல்லை. அப்பா சொன்னார்: "மறக்கலம்மா. லீவு தரல. சாயங்காலம் வந்து சொல்லியிருக்கணும், உன் முகத்தைப் பார்த்துட்டு சொல்ல வரல." அக்கா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள், அடுத்த கார்டை எடுத்தோம். அவள் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை, யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. முள் இருந்த இடத்துக்கும் இலக்கு இருந்த இடத்துக்கும் நடுவில் கிடந்த தூரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கருத்து வேறுபாட்டை இப்படிக் கண்ணால் பார்க்கும்படி வைத்த விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

குறை என்று பார்த்தால், சில கார்டுகள் வெறும் தமாஷோடு முடிந்துவிடும், அதிலிருந்து பேச்சு எதுவும் கிளம்பாது. இரண்டு பேர் விளையாடினால் அணி இல்லாததால் அந்த விவாதமே இல்லாமல் போகிறது. நாலு பேராவது வேண்டும்.

அடுத்து தி அன்கேம். இது பழையது, 1970-களைச் சேர்ந்தது. ரியா ஸாகிச் என்ற பெண்மணி உருவாக்கியது. குரல்நாண் பிரச்சினையால் அவர் மாதக்கணக்கில் பேசக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட, பேச முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், கேட்க நினைத்த கேள்விகளை கார்டுகளில் எழுதத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த விளையாட்டு இது. வெற்றி தோல்வி கிடையாது. கார்டு எடுத்தவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் குறுக்கிடக்கூடாது. பதில் கருத்து, அறிவுரை, "எனக்கும் இப்படித்தான் ஒருதடவை" என்று இழுப்பது, எதுவும் கூடாது. பலகையில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் வந்து நிற்கும்போதுதான் இன்னொருவரிடம் ஏதாவது கேட்கவோ சொல்லவோ முடியும்.

பலகை, காய் நகர்த்துவது எல்லாம் இப்போது விளையாடினால் கொஞ்சம் அலுப்புத்தான். ஆனால் குறுக்கிடக்கூடாது என்ற அந்த ஒரு விதிக்காகவே இதை ஒருதடவையாவது விளையாடிவிடுங்கள். எங்கள் வீட்டில் தம்பிதான் கடைக்குட்டி. அவன் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து நாங்கள் கேட்டது எப்போது என்று எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஒரு கார்டுக்கு அவன் மூன்று நிமிடம் பேசினான். நடுநடுவே நிறுத்தினான், யாராவது உள்ளே வருவார்கள் என்று காத்திருப்பதுபோல எங்களைப் பார்த்தான், யாரும் வரவில்லை என்றதும் தொடர்ந்தான். வேலையை விட்டுவிடலாம் என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறானாம். முதல் நிமிடத்திலேயே நான் வாய் திறந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. இப்போது எந்த விளையாட்டை எடுத்தாலும் இந்த விதியைச் சேர்த்துக்கொள்கிறோம்.

டிக்ஸிட் பற்றிச் சுருக்கமாக. 2008-ல் வந்து, 2010-ல் ஜெர்மனியின் ஸ்பீல் டெஸ் யாரெஸ் (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது வாங்கிய விளையாட்டு. 84 பெரிய படக் கார்டுகள், சொற்களே இல்லை, கனவில் வருவது மாதிரியான ஓவியங்கள். உங்கள் கையில் உள்ள படத்துக்கு ஒரு வரி சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். மற்றவர்களும் அந்த வரிக்குப் பொருந்தும் படத்தைத் தங்கள் கையிலிருந்து வைப்பார்கள். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும் உங்களுக்குப் புள்ளி இல்லை, ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. ஆக, யாரோ ஒருவருக்காவது புரிகிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் புரியாத மாதிரி பேச வேண்டும். யாரை மனதில் வைத்து அந்த வரியைச் சொன்னோம் என்பதுதான் இங்கே சுவாரசியம். அம்மா ஒருதடவை "பழைய வீட்டு மாடிப்படி" என்று மட்டும் சொன்னாள், நான் மட்டும் சரியாக எடுத்தேன், மற்றவர்கள் விழித்தார்கள். நேரடிக் கேள்வி என்றாலே சுருங்கிப்போகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதுதான் சரி. பலமுறை விளையாடியபின் படங்கள் பழகிவிடும், கூடுதல் கார்டுகள் வாங்க வேண்டியிருக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன. "இங்கே இருப்பவர்களில் யார் அதிகம் பொய் சொல்வார்" என்று எல்லோரும் ஒருவரைக் கை காட்டும் வகை விளையாட்டுகள் எனக்கு ஆகவே ஆகாது. ஐந்து விரல் ஒருவரை நோக்கி நீண்டால் அவர் சிரித்துக்கொண்டேதான் இருப்பார், ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையும் மனம் திறந்து சொல்ல மாட்டார். அப்புறம் போனில் வரும் கேள்வி ஆப்கள். நான் போட்டுப் பார்த்த ஒன்றில், தோழி தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய நேரம் திரை முழுக்க ஒரு விளம்பரம் சத்தத்தோடு ஓடியது. மூடிவிட்டு "சொல்லு" என்றேன். "அவ்வளவுதான், ஒண்ணுமில்ல" என்றாள். அன்றே அழித்துவிட்டேன். கார்டுதான் வேண்டும், காகிதமாகவாவது இருக்க வேண்டும்.

கடைசியாக வீ ஆர் நாட் ரியலி ஸ்ட்ரேஞ்சர்ஸ். கோரின் ஒடினி உருவாக்கியது, 2018-ல் வந்தது, 150 கார்டுகள், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் எதிரில் இருப்பவரைப் பற்றி நீங்கள் ஊகிக்க வேண்டும். இரண்டாவதில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் இவ்வளவு நேரம் பேசியதில் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இப்படிப் படிப்படியாக இறங்குவதுதான் இதன் பலம். இதே மாதிரியான படிகள் இதற்கு முன்பே இருந்தன. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 36 கேள்விகள், 12 வீதம் மூன்று தொகுப்பு, முன்பின் தெரியாத இருவருக்கு 45 நிமிடம். இலகுவாகத் தொடங்கி, போகப்போக சொந்த விஷயத்துக்குள் இறங்கும். சாதாரண விஷயங்களைப் பேசிய ஜோடிகளைவிட இப்படிப் பேசிய ஜோடிகள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். காதல் வரவைக்கும் கேள்விகள் என்று பலர் இதைப் பரப்பிவிட்டார்கள், ஆய்வின் நோக்கம் அது இல்லை.

தோழியோடு விளையாடினேன், பன்னிரண்டு வருடப் பழக்கம். முதல் கட்டம் எங்களுக்கு வீண்தான் என்று நினைத்தேன், எல்லாம் தெரியுமே. பள்ளியில் எனக்கு எந்தப் பாடம் நன்றாக வந்திருக்கும் என்ற கேள்விக்கு அவள் யோசிக்காமல் கணக்கு என்றாள். கணக்கில் நான் இரண்டு முறை தோற்றவள். "உன்கிட்ட எதையும் கேட்டா டக்குனு தெளிவா பதில் சொல்லுவ, அதான்" என்றாள். வெளியே அப்படித் தெரிகிறேன் என்பதே எனக்குச் செய்திதான். உதவி வேண்டுமா என்று யாரும் என்னிடம் கேட்பதில்லையே என்ற வருத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதில் எனக்குள்ள குறை இரண்டு. புதியவர்களோடு விளையாடினால் முதல் கட்டம் ஆளைப் பார்த்து எடைபோடச் சொல்வதால் சிலருக்குச் சுருக்கென்று குத்தும், ஆள் தெரிந்து எடுங்கள். இரண்டாவது, அடுத்த கார்டு எடுக்கும் அவசரம். பதில் சொன்னதும் "சரி, அடுத்தது" என்று போய்விடுகிறோம். இன்னும் விரிவாகச் சொல் என்று கேட்க இதில் தனி கார்டே இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேச்சில் தொடர்ந்து கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பவர்களை, மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 2017-ல் ஒரு ஆய்வில் காட்டினார்கள். எங்கள் அனுபவமும் அதேதான். ஒரு மாலையில் இருபது கார்டு முடிப்பதைவிட நாலு கார்டில் நிற்பது நல்லது.

முடிவில் ஒருவருக்கொருவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்து, பிரிந்துபோன பிறகுதான் திறக்க வேண்டும். அவள் எழுதியது என் பர்சில் இருக்கிறது, இங்கே சொல்ல மாட்டேன்.

காசில்லாமல் என்று சொன்னேன் இல்லையா. ஆரனின் அந்த 36 கேள்விகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், உங்கள் பேச்சுவழக்கில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துநடையில் வாசித்தால் தேர்வு மாதிரி ஆகிவிடும். வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். பிடிக்காத கேள்வியை யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தள்ளிவைக்கலாம் என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்படி எழுதிய கார்டுகள் வேவ்லென்த் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு அக்கா வருகிறாள். அப்பா புதிதாக இரண்டு எழுதி மடித்து உள்ளே போட்டிருக்கிறார், இப்போதே பிரிக்கக்கூடாதாம்.